யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம்?

(நமது சங்கத்தின் மாதாந்திரக் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ரேஷன் அட்டை, போட்டோ பாஸ், பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு என்று பேச வேண்டிய விஷயங்கள் மலையாய்க் குவிந்து கிடக்கின்றன. இந்த ரயில்வே குமாஸ்தா டி.வி. நாடகத்தைப் பற்றிப் பேச வந்துவிட்டாரே என்று பின்வரிசையில் சிலர் முணுமுணுப்பது காதில் விழுகிறது. நியாயமான முணுமுணுப்புதான். ஆனால் ஒன்று கேட்கிறேன். நம் சங்கக் கூட்டத்துக்கு மாதம் ஒருமுறை வருகிறீர்கள். அந்தப் பெட்டிக்கு முன்னால் எத்தனை முறை உட்காருகிறீர்கள்? நாம் மாதம் இரண்டு மணி நேரம் பேசுகிறோம். அது தினமும் பேசுகிறது. அது என்ன பேசுகிறது என்று ஒருநாளாவது உட்கார்ந்து விசாரிக்க வேண்டாமா?

அதிலும் நகைச்சுவையைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும் என்பது என் கட்சி. செய்தி வாசிக்கும்போது நாம் உஷாராக இருக்கிறோம். அரசியல்வாதி பேசும்போது 'புளுகுகிறான்' என்று சொல்லிக்கொண்டே கேட்கிறோம். சிரிக்கும்போது மட்டும் வாசல் கதவு திறந்து கிடக்கிறது. யார் உள்ளே வந்தார்கள், எதை வைத்துவிட்டுப் போனார்கள் என்று பார்ப்பதே இல்லை.

2020-ஆம் ஆண்டு ஊரடங்கின்போது தூர்தர்ஷன் தன் பழைய தொடர்களைத் தூசி தட்டி மறுபடி காட்டியது. இப்போது கைப்பேசியிலும் அவை கிடைக்கின்றன. தாத்தா தம் வாலிபத்தில் பார்த்ததைப் பேரன் இன்று பார்க்கிறான். ஆகவே இந்தப் பேச்சு பழங்கதை அல்ல.

எந்த நகைச்சுவைத் தொடரைப் பார்த்தாலும் மூன்று கேள்வி கேட்கலாம். முதலாவது: இந்த வீட்டில் அடுப்பு எரிகிறதே, அதற்கு வருமானம் எங்கிருந்து வருகிறது? இரண்டாவது: சிரிப்பு யார் தலையில் விழுகிறது? மேலே இருப்பவன் தலையிலா, கீழே இருப்பவன் தலையிலா? மூன்றாவது: கடைசி ஐந்து நிமிடத்தில் பிரச்சினை தீர்கிறதே, தீர்த்து வைப்பது யார்? இந்த மூன்றையும் கேட்டால் போதும். இதற்குப் பட்டப் படிப்பு தேவையில்லை. நானே மெட்ரிக் படித்தவன்தான்.

இந்தக் கேள்விகளை வைத்துக்கொண்டு இதே பம்பாய் நகரில் பிறந்த மூன்று தொடர்களைப் பார்ப்போம். 1984-இல் வந்த 'யே ஜோ ஹை ஜிந்தகி', 1986-இல் வந்த 'நுக்கட்', 1988-இல் வந்த 'வாக்லே கி துனியா'. மூன்றையும் இயக்கியவர்களில் குந்தன் ஷா என்ற கலைஞர் இருக்கிறார். 1983-இல் 'ஜானே பி தோ யாரோ' என்ற படத்தை எடுத்தவரும் அவரே. கட்டட முதலாளியும் மாநகராட்சிக் கமிஷனரும் கூட்டுக் கொள்ளை அடிப்பதையும், அதைப் படம் பிடித்த இரண்டு ஏழைப் புகைப்படக்காரர்கள் கடைசியில் கைதி உடையில் நிற்பதையும் அந்தப் படம் சிரிக்கச் சிரிக்கக் காட்டியது. சினிமாவில் அப்படி முடித்தவர், டி.வி.யில் அப்படி முடிக்கவில்லை. ஏன்? அதற்குக் காலத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

1982-இல் இந்த நாட்டுக்கு வண்ணத் தொலைக்காட்சி வந்தது. அதே 1982 ஜனவரி 18-இல் பம்பாய்ப் பஞ்சாலைத் தொழிலாளிகள் சுமார் இரண்டரை லட்சம் பேர் டாக்டர் தத்தா சாமந்த் தலைமையில் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஆண்டுக்கணக்கில் நீண்ட போராட்டம் அது. பல ஆயிரம் பேருக்கு வேலை திரும்பக் கிடைக்கவே இல்லை. ஒரு பக்கம் மில் புகைபோக்கி அணைந்தது. மறு பக்கம் வீடுகளில் வண்ணப் பெட்டி எரிந்தது. 1984-இல் கம்பெனிகள் பணம் கொடுத்துத் தொடர் நடத்தும் முறை தூர்தர்ஷனில் வேரூன்றியது. 'யே ஜோ ஹை ஜிந்தகி'க்குப் பணம் கொடுத்தது பற்பசையும் மஞ்சள் களிம்பும் விற்ற விக்கோ கம்பெனி. பற்பசை விற்பவனுக்கு நம் பல் தெரிய வேண்டும், தோழர்களே! நாம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தால் அவன் சரக்கு விற்குமா? ஆகவே ஒவ்வொரு வாரமும் கதை சுகமாக முடிந்தாக வேண்டும். இது சதி அல்ல, வியாபாரம். வியாபாரம் என்று தெரிந்து பார்த்தால் நஷ்டமில்லை.

இப்போது முதல் தொடர். கணவன் ரஞ்சித், மனைவி ரேணு, ரேணுவின் தம்பி ராஜா. எழுதியவர் சரத் ஜோஷி, இந்தியில் பெயர் பெற்ற நையாண்டி எழுத்தாளர். வெள்ளிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு ஊரே அடங்கியதை மூத்தவர்கள் இன்றும் சொல்வார்கள். சுத்தமான நகைச்சுவை, ஆபாசம் கிடையாது. அதை மறுக்கவில்லை. ஆனால் ராஜாவைப் பாருங்கள். அவன் வேலையில்லாத வாலிபன். அக்காள் வீட்டில் சாப்பிடுகிறான், அசடு வழிகிறான், நாம் சிரிக்கிறோம். அந்த வருடம் பரேலிலும் லால்பாக்கிலும் வேலையில்லாத வாலிபன் இருந்த வீட்டில் யாராவது சிரித்திருப்பார்களா? அங்கே அவன் பானையைச் சுரண்டும் ஓசை. இங்கே அவன் வீட்டுக்கு வந்த வேடிக்கை. ரஞ்சித்தின் சம்பளம் தாங்கும் வரைக்கும்தான் ராஜாவின் வேலையின்மை நகைச்சுவை. முதல் கேள்விக்கு இதுதான் பதில்.

இன்னொன்றும் கவனியுங்கள். அந்த வீட்டுக்கு வெளியிலிருந்து வருகிற ஆளாக, கிட்டத்தட்ட வாரம் ஒரு புது வேடத்தில் சதீஷ் ஷா நடித்தார். அபாரமான திறமை, அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த ஏற்பாட்டுக்குள் ஒரு பாடம் ஒளிந்திருக்கிறது. வீட்டுக்குள் இருப்பவர்களுக்கு நிலையான பெயர் உண்டு, முகம் உண்டு, போன வாரத்துக் கதை உண்டு. வெளியிலிருந்து கதவைத் தட்டுகிறவனுக்கோ வாரம் ஒரு பெயர், ஒரு பேச்சு, ஒரு கோமாளித்தனம். அடுத்த வாரம் அவனை யாரும் நினைப்பதில்லை. இந்த நகரம் பிழைக்க வந்தவனைப் பார்க்கிற பார்வையும் ஏறக்குறைய அதுதானே? 'ஒரு மதராஸி வந்தான், போனான்' என்றுதானே நம்மைச் சொல்கிறார்கள்? திருநெல்வேலியா, சேலமா, வேலூரா என்று யார் கேட்டார்கள்?

இரண்டாவது, 'நுக்கட்'. குந்தன் ஷாவும் சயீத் அக்தர் மிர்சாவும் சேர்ந்து இயக்கியது. நுக்கட் என்றால் தெருமுனை. இங்கே கேமரா வீட்டைவிட்டு வெளியே வந்துவிட்டது. எலெக்ட்ரிக் வேலை செய்கிற குரு, சைக்கிள் ரிப்பேர் ஹரி, ஓட்டல் காதர் பாய், முடிதிருத்தும் கரீம், வீட்டு வேலை செய்கிற ராதா, பள்ளி டீச்சரம்மா, பிச்சை எடுக்கிற கன்ஷு, குடிகாரன் கோப்டி, போலீஸ்கார கண்பத் ஹவல்தார். பட்டியலைக் கேட்கும்போதே நம் தெரு ஞாபகம் வரவில்லையா? முந்தைய தொடரில் கதவைத் தட்டி வந்துபோன ஆட்கள்தான் இங்கே கதாநாயகர்கள். ஒவ்வொருவனுக்கும் பெயர் உண்டு, தொழில் உண்டு, மானம் உண்டு. அவர்களைப் பார்த்து நாம் சிரிக்கவில்லை. அவர்களோடு சேர்ந்து சிரித்தோம். இரண்டும் ஒன்றல்ல, தோழர்களே. மாமியார் வீட்டில் உங்களைப் பார்த்துச் சிரிப்பதற்கும், உங்களோடு உட்கார்ந்து சிரிப்பதற்கும் உள்ள வித்தியாசம் தாய்மார்களுக்கு நன்றாகத் தெரியும்.

அந்தத் தெருமுனைக்கு அடியில் ஒரு பெரிய வழக்கு புதைந்து கிடக்கிறது. 1981 ஜூலையில், அப்துல் ரஹ்மான் அந்துலே முதலமைச்சராக இருந்தபோது, நடைபாதைவாசிகளைக் கொட்டும் மழையில் காலி செய்து, பஸ்ஸில் ஏற்றிச் சொந்த ஊருக்கு அனுப்ப உத்தரவு வந்தது. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனவர்களில் ஒருவர் நம்மவர். சேலத்திலிருந்து 1961-இல் பிழைக்க வந்த நிலமில்லாக் கூலித் தொழிலாளி. நாள் கூலி 23 ரூபாய். நடைபாதையில் பிளாஸ்டிக் தாளும் கித்தானும் கட்டிக் குடும்பத்தோடு இருந்தார். அவரையும் பஸ்ஸில் ஏற்றினார்கள். அவர் திரும்பி வந்தார். ஊரில் வேலை இருந்தால் ஏன் வரப்போகிறார்?

1985 ஜூலை 10-இல் தீர்ப்பு வந்தது. ஓல்கா டெல்லிஸ் வழக்கு என்று அதற்குப் பெயர். உயிர் வாழும் உரிமையில் பிழைப்பு நடத்தும் உரிமையும் அடங்கும் என்று நீதிமன்றம் சொன்னது. மகத்தான வாசகம். ஆனால் நடைபாதைக் குடிசையை அகற்றவே கூடாது என்று சொல்லவில்லை. மழைக்காலம் கழியட்டும், அக்டோபர் 31 வரை பொறுங்கள் என்றது. தீர்ப்பு வந்த மறு ஆண்டு 'நுக்கட்' வந்தது. தெருவில் பிழைப்பவன் தெருவை அசிங்கப்படுத்துகிறவன் அல்ல, அவனால்தான் தெரு தெருவாக இருக்கிறது என்பதை, வழக்குச் சட்டம் எதுவும் பேசாமல், டீயும் அரட்டையுமாக அந்தத் தொடர் சொன்னது. நான் கண்ட மறைபொருள் அதுதான். ஹரியும் காதர் பாயும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்தத் தெருமுனை, 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் என்ன ஆயிற்று என்பதை உங்களில் சிலர் கண்ணால் பார்த்தவர்கள். இன்று மறுபடி பார்க்கும்போது சிரிப்போடு தொண்டையும் அடைக்கிறது.

மூன்றாவது கேள்வியை இங்கேயும் கேட்க வேண்டும். நுக்கட்டில் கஷ்டத்தைத் தீர்ப்பது யார்? நண்பர்கள். ஒருவனுக்குத் துன்பம் என்றால் நாலு பேர் கூடுகிறார்கள். அருமை! ஆனால் அந்தத் தெருமுனைக்கு நல்ல மனசு இருக்கிறது, சங்கம் இல்லை. குரு தலைவன் மாதிரிதான். கையில் சந்தாப் புத்தகம் கிடையாது. காய்ச்சல் வந்தவனுக்கு நாலு பேர் நல்ல மனசு போதும். மாநகராட்சி லாரி வந்து நின்றால் போதுமா? அங்கே மனசோடு மனுவும் வேண்டும், கையெழுத்தும் வேண்டும், கோர்ட்டுக்குப் போக வழியும் வேண்டும். சேலத்துத் தொழிலாளிக்குத் துணைநின்றது அதுதான்.

மூன்றாவது, 'வாக்லே கி துனியா'. ஆர்.கே. லக்ஷ்மண் உருவாக்கியது. அவர் மைசூரில் பிறந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. 'டைம்ஸ் ஆஃப் இந்தியா'வில் 1951 முதல் அவர் வரைந்த 'சாமானிய மனிதன்', கட்டம் போட்ட கோட்டும் வேட்டியுமாக மந்திரிகளின் கூத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பான். வாயே திறக்க மாட்டான். டி.வி.யில் அந்தச் சாமானியன் வாய் திறந்தான். சீனிவாஸ் வாக்லே என்ற குமாஸ்தாவானான். அஞ்சன் ஸ்ரீவாஸ்தவ் வாக்லேயாகவும், பாரதி ஆச்ரேகர் மனைவி ராதிகாவாகவும் வாழ்ந்து காட்டினார்கள்.

குமாஸ்தாவைப் பற்றி இன்னொரு குமாஸ்தா சொல்கிறேன், கேளுங்கள். மாதக் கடைசியில் சட்டைப் பையைத் தடவிப் பார்க்கும் அந்தக் கை பொய் சொல்லவில்லை. மேலதிகாரியின் மணி அடித்ததும் முதுகு தானாக வளைகிறதே, அதுவும் பொய் இல்லை. சின்ன மனிதனின் சின்னக் கவலையை மதிப்போடு காட்டிய தொடர் அது. சிரிப்பு பெரும்பாலும் மேல்நோக்கிப் போயிற்று. இரண்டாவது கேள்வியில் வாக்லே தேறிவிட்டார்.

மூன்றாவது கேள்வியில்தான் தடுமாறுகிறார். பிரச்சினை வாக்லேயின் வீட்டுக்குள் வந்து, வாக்லேயின் வீட்டுக்குள்ளேயே சமாதானமாகிறது. சம்பளம் போதவில்லை என்றால் செலவைக் குறைக்கிறார். அவமானம் என்றால் மனைவியிடம் சொல்லி ஆறுகிறார். பொறுமையாக இரு, நேர்மையாக இரு, நாளைக்கு விடியும். நேர்மை வேண்டியதுதான். ஆனால் நிஜமான குமாஸ்தாக்களின் சரித்திரம் அதோடு நிற்கவில்லை. 1974 மே 8-இல் தொடங்கி இருபது நாட்கள், சுமார் 17 லட்சம் ரயில்வே தொழிலாளிகள் இந்த நாட்டின் சக்கரத்தை நிறுத்தினார்கள். அதில் குமாஸ்தாக்களும் இருந்தார்கள். சிறை போனார்கள், வேலை இழந்தார்கள், குவார்ட்டர்ஸிலிருந்து பெண்டு பிள்ளைகளோடு வெளியேற்றப்பட்டார்கள். எங்கள் மூத்தவர்கள் அதைச் சொல்லித்தான் எங்களைச் சங்கத்தில் சேர்த்தார்கள். அந்தக் குமாஸ்தா ஏன் நகைச்சுவைத் தொடருக்குள் வரவில்லை? அரசாங்கத்தின் பெட்டியில், கம்பெனிகளின் காசில், அவனுக்கு இடமில்லை. 2021-இல் வாக்லே குடும்பத்தின் கதை வேறொரு சேனலில் புதிதாகத் தொடங்கியபோது, மகனின் குடும்பம் அடுக்குமாடி சொசைட்டியில் குடியேறியது. நடுத்தர வர்க்கம் ஏறிக்கொண்டது. தெருமுனை எங்கே போயிற்று என்று தேடத்தான் வேண்டியிருக்கிறது.

இனி, நம்மை நேராகத் தொடும் விஷயம்: மொழியைப் பார்த்துச் சிரிப்பது.

லக்ஷ்மண் இளமையில் 'ஃப்ரீ பிரஸ் ஜர்னல்' பத்திரிகையில் வேலை பார்த்தார். அதே பத்திரிகையில் இன்னொரு கேலிச்சித்திரக்காரரும் இருந்தார்: பால் தாக்கரே. பின்னவர் 1960-இல் 'மார்மிக்' என்ற நகைச்சுவை வார இதழ் தொடங்கினார். கம்பெனிகளில் வேலை பார்த்த தென்னிந்தியர்களின் பெயர்களை அந்த இதழ் பட்டியல் போட்டது. நம் பேச்சை 'யண்டு குண்டு' என்று கேலி பேசினார்கள். 1966-இல் சிவசேனை பிறந்தது. அதன் பிறகு தென்னிந்தியரின் ஓட்டலும் கடையும் தாக்கப்பட்ட கதை இந்த நகரத்துக்குத் தெரியும். ஒரே பத்திரிகையிலிருந்து கிளம்பிய இரண்டு சிரிப்புகள், தோழர்களே! ஒன்று நாற்காலியைப் பார்த்துச் சிரித்தது. மற்றது பக்கத்து வீட்டுக்காரனைப் பார்த்துச் சிரித்தது. மராட்டிய வாலிபனுக்கு வேலை இல்லை என்பது உண்மை. அவன் கோபம் நியாயம். அந்தக் கோபத்தை முதலாளி பக்கம் போகவிடாமல் மதராஸி பக்கம் திருப்பிவிட ஒரு கேலிப் பேச்சு போதுமாயிருந்தது. 'சும்மா வேடிக்கைக்குச் சொன்னேன்' என்று இனி யாராவது சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

1993-இல் 'ஜபான் சம்பால்கே' என்ற தொடர் வந்தது. பிரிட்டனில் 1977-இல் வந்த 'மைண்ட் யுவர் லாங்குவேஜ்' தொடரின் இந்திய வடிவம். அங்கே, பல நாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்கள் ஆங்கிலம் கற்கும் வகுப்பு. இங்கே, பல மொழிக்காரர்கள் இந்தி கற்கும் வகுப்பு. உச்சரிப்புப் பிழைதான் இரண்டிலும் சிரிப்பு. பிரிட்டனில், இது அயல்நாட்டாரைப் பொம்மைகளாக்குகிறது என்று கண்டனம் எழுந்து, 1979-இல் டி.வி. நிறுவனமே அதை நிறுத்தியது. நம் ஊர்த் தொடரில் ஒரு விசேஷம். பங்கஜ் கபூர் நடித்த அந்த ஆசிரியர் எஞ்சினீயரிங் படித்தவர்; அந்த வேலை கிடைக்காமல் இந்தி சொல்லிக்கொடுக்க வந்தவர். மாணவன் வார்த்தையைத் தவறாகச் சொல்கிறான் என்று நாம் சிரிக்கிறோம். ஆசிரியரை இந்த நாடு தவறான இடத்தில் உட்கார வைத்திருக்கிறதே, அதைக் கவனித்தோமா? பெரிய பிழை எது?

இங்கே ஒரு தோழர் கேட்கக்கூடும்: 'எழுதியவன் நல்ல எண்ணத்தோடு எழுதியிருந்தால் போதாதா?' போதாது. 1971-இல் அமெரிக்காவில் நார்மன் லியர் 'ஆல் இன் தி ஃபேமிலி' என்ற தொடரைத் தயாரித்தார். ஆர்ச்சி பங்கர் என்ற வெள்ளைக்காரத் தொழிலாளி கறுப்பரையும் யூதரையும் வாய்க்கு வந்தபடி ஏசுவான். அவனுடைய துவேஷத்தை நகையாடுவதே நோக்கம். 1974-இல் விட்மார், ரோக்கீச் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் பார்ப்பவர்களிடம் விசாரித்தார்கள். துவேஷம் உள்ளவர்கள் ஆர்ச்சியை ரசித்ததும், வாதத்தில் அவன்தான் ஜெயித்தான் என்று நினைத்ததும் தெரிய வந்தது. கண்ணாடி ஒன்றுதான், அவரவர் தம் முகத்தையே பார்த்துக்கொண்டார்கள். ஆகவே தொடரின் அர்த்தத்தில் பாதி பெட்டிக்குள் இருக்கிறது. மீதிப் பாதி நம் பாயில் இருக்கிறது. அந்தப் பாதியை யார் நிரப்புவது? நாம் நிரப்பாவிட்டால் வேறு எவனாவது நிரப்புவான்.

நம் வீட்டுப் பிள்ளைகளை நினைத்துத்தான் இதைச் சொல்கிறேன். இந்தியும் மராட்டியும் இங்கே பிறந்த பிள்ளைக்குத் தண்ணீர் பட்ட பாடு. அப்பனுக்கோ ஆண், பெண் பால் தடுமாறுகிறது. திரையில் ஒரு மதராஸி தடுமாறுகிறான், பிள்ளை சிரிக்கிறது. மறுநாள் ரேஷன் கடையில் அப்பன் தடுமாறுகிறான், பிள்ளைக்கு வெட்கம். மூன்றாம் நாள், 'நீ ஸ்கூலுக்கு வராதே அப்பா, அம்மாவை அனுப்பு' என்கிறது. பிள்ளை கெட்டதல்ல. சிரிப்பு அதற்குச் சொல்லிக்கொடுத்த பாடம் அது. அந்தப் பாடத்தை நாம்தான் திருத்த வேண்டும். நாற்பது வயதில் மூன்றாவது மொழியைக் கற்றுக்கொண்டு, அந்த மொழியில் கூலி பேசி, அந்தக் கூலியில் உன்னைப் படிக்க வைக்கிறவனுடைய பிழை, பிழையில்லாமல் ஒரே மொழி பேசுகிறவனுடைய இலக்கணத்தைவிடப் பெரிது என்று அந்தப் பிள்ளையிடம் நாம் சொல்ல வேண்டும்.

அதற்காக எல்லாவற்றிலும் சூழ்ச்சி தேடிக்கொண்டு, சிரிக்கிற வீட்டில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. தேநீர்க் கோப்பை சில சமயம் வெறும் தேநீர்க் கோப்பைதான். அதற்குள்ளும் ஏகாதிபத்தியம் மிதக்கிறதா என்று கரண்டி விட்டுத் துழாவ வேண்டாம். உழைத்துக் களைத்தவனுக்குச் சிரிப்பு உரிமை. நுக்கட்டைப் பாருங்கள், வாக்லேயைப் பாருங்கள், வயிறு குலுங்கச் சிரியுங்கள். சிரித்து முடித்தபின் பெட்டியை அணைத்துவிட்டு ஐந்தே நிமிடம், தமிழில், பிள்ளைகளோடு பேசுங்கள். வருமானம் எங்கிருந்து வந்தது? அடி யார்மேல் விழுந்தது? தீர்த்து வைத்தது யார்?

நிர்வாகக் குழுவிடம் ஒரு கோரிக்கையும் வைக்கிறேன். மாதம் ஒரு ஞாயிறு மாலை, இதே கூடத்தில், ஒரு பழைய தொடரின் ஒரு பகுதியைப் போட்டுக் காட்டுவோம். அரை மணி பார்ப்பது, அரை மணி பேசுவது. பேச்சைப் பெண்களும் பிள்ளைகளும் தொடங்கட்டும். எங்களைப் போன்ற பேச்சாளர்கள் கடைசியில் வாய் திறந்தால் போதும். செலவு ஒன்றுமில்லை, டீச்செலவை நான் ஏற்கிறேன்.

தெருமுனையில் கூடிச் சிரித்தவர்களுக்கு நல்ல மனசு இருந்தது, சங்கம் இல்லை என்றேன். நமக்குச் சங்கம் இருக்கிறது. சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் போகும்போது பொருளாளரைப் பார்த்துவிட்டுப் போகவும். இதைக் கேட்டு யாரும் சிரிக்க வேண்டாம்; இது நகைச்சுவை அல்ல.